மரிக்கொழுந்து ஏறாத படகு

படகு புறப்படும் நேரம். மரிக்கொழுந்து ஒரு காலைப் படகின் விளிம்பில் வைத்தாள். பிறகு எடுத்துக்கொண்டாள். ஈர மணலில் நின்றபடியே, "போயிட்டு வாங்க. நீங்க வந்து சேர்ற வரைக்கும் இந்தக் கரை எங்கேயும் போகாது" என்று கணவனிடம் சொன்னாள்.

எமல்டா கண்களைத் துடைத்துக்கொண்டாள். அவள் துடைத்து முடிக்கும்வரை புத்தகம் காத்திருந்தது. அதன் பிறகுதான் அடுத்த வரி ஏட்டில் மேலெழுந்து வந்தது.

சுவைநூல்கள் எல்லாமே அப்படித்தான். ஏட்டின் மேல்விளிம்பில் பருப்பளவில் பதித்திருக்கும் நாடிக்கண், படிப்பவரின் விழி எங்கே தயங்குகிறது, எங்கே தாவுகிறது, நாடி எப்போது விரைகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஆர்வம் தளர்ந்தால் வாக்கியம் சுருங்கும். மழையை ரசித்தால் கதையில் இன்னும் கொஞ்சம் பெய்யும். முன்பெல்லாம் மக்கள் ஒரு புத்தகத்தை வாங்கி, நாற்பது பக்கம் படித்து, தலையணைக்கு அடியில் மறந்துவிடுவார்களாம். சிலர் வாங்கிவிட்டோமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை படிப்பார்களாம். சுவைநூல் வந்தபின் அந்த இரண்டு துன்பமும் ஒழிந்தன. பிடிக்காத புத்தகம் என்று ஒன்று உலகத்தில் இல்லாமல் போனது.

'அளக்கர்த் துறை' என்ற அந்தப் பழைய நாவலைத் தேர்ந்தெடுத்தவன் ததேயு, எமல்டாவின் கணவன். சிறுகோள் பட்டையில் ஒரு பனிச்சுரங்கத்தில் துளைப்பொறிகளைப் பழுதுபார்க்கிறான். நான்கு ஆண்டுகளாகிவிட்டன. எமல்டாவுக்குத் தூத்துக்குடியில் வேலை. ஊரைக் கடலிடமிருந்து காக்கும் கடல்மதிலின் விரிசல்களை நீருக்குள் இறங்கிச் சோதிக்கும் குழுவுக்கு அவள்தான் தலைவி.

அவ்வளவு தூரத்துக்கு எதிரெதிரே பேச முடியாது. ஒன்றைச் சொல்லிவிட்டுச் சமைத்துச் சாப்பிட்டு முடித்தால்தான் பதில் வரும். அதற்கும் அளவு உண்டு. கடிதத் தடத்தில் ஒருவருக்கு வாரம் ஒரு முறை, சில வாக்கியங்கள் மட்டும் குரலில் அனுப்பலாம். சில வாக்கியங்களில் கணவனும் மனைவியும் என்ன பேசிவிட முடியும்? சாப்பாடு, உடம்பு, மழை என்று பேசிப் பேசி அதுவும் தேய்ந்தது. அப்போதுதான் ததேயு, "ரெண்டு பேரும் ஒரே புத்தகத்தப் படிப்போமா? வாரம் ஒரு அத்தியாயம். அதப் பத்திப் பேசலாம்லா" என்றான்.

அது நன்றாகவே வேலை செய்தது. சொல்ல வெட்கப்பட்டதையெல்லாம் கதையின் மேல் ஏற்றிச் சொல்ல முடிந்தது. உப்பு வணிகனின் மனைவி மரிக்கொழுந்து தனியாகப் படுத்திருக்கும் இரவைப் பற்றி ததேயு பேசினால், எமல்டாவுக்கு அது தன்னைப் பற்றித்தான் என்று தெரியும்.

படகு அத்தியாயம் முடிந்த வாரம் அவன் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது.

"எமல், ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லணும். துறையில அவ செஞ்சாளே, அந்த இடத்துல நீயா இருந்தா நீயும் அதையேதான் செஞ்சிருப்பியா?"

எமல்டா யோசிக்கவே இல்லை. "வேற என்னத்தச் செய்வேன்? அவ செஞ்சதுதான் சரி. நானும் அதையேதான் செய்வேன். அந்த இடத்தப் படிக்கும்போது அழுதுட்டேன்."

அடுத்த கடிதத்தில் அவன் எதுவும் விளக்கிச் சொல்லவில்லை. "தாங்க்ஸ்ட்டி" என்று மட்டும் சொன்னான். குரல் உடைந்திருந்தது. கரையில் தனக்காக ஒருத்தி நிற்கிறாள் என்ற நிறைவு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

*

ஒன்றரை மாதம் கழித்து, அவள் மதிலடியிலிருந்து ஏறி வந்து நீருடையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பயண அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.

"மேடம், சித்திரையில கிளம்புற கப்பல்ல உங்களுக்கு இடம் உறுதியாயிடுச்சு. உடல் பரிசோதனைக்கு எப்ப வர்றீங்க?"

"எனக்கா? நான் இடமே கேக்கலியேம்மா."

"உங்க வீட்டுக்காரர் கேட்டிருக்காரே. அவர் திரும்பி வர வேண்டிய இடத்தைக் கூட வேலை பார்க்கிற காசிலிங்கம்ங்கிறவருக்கு விட்டுக்கொடுத்துட்டு, ஒப்பந்தத்தை நீட்டிக் குடும்ப அறை வாங்கியிருக்கார். நீங்க சம்மதம் சொன்னதா எழுதியிருக்கார்."

எமல்டா ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த ஆண்டு ததேயு வருவான் என்று அவள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லியிருந்தாள். அன்று மாலையே கடிதத் தடத்தில் கேட்டாள்: "நான் வாறேன்னு எப்போ சொன்னேன்?"

பதில் வந்தது. "என்னட்டி இப்படிக் கேக்க? மரிக்கொழுந்து படகுல ஏறுனாள்லா, அதையேதான் நானும் செய்வேன்னு சொன்னியே. அவ ஏறி, அவன் பக்கத்துல உக்காந்து, கரையத் திரும்பியே பாக்காமப் போனாளே?"

எமல்டா ஏட்டைத் திறந்தாள். ஈர மணல். கரை எங்கேயும் போகாது. மரிக்கொழுந்து ஏறவில்லை. விரலால் தொட்டுத் தொட்டு மூன்று முறை படித்தாள். மூன்றாவது முறை, அவள் பதற்றத்தைக் கண்ட நாடிக்கண், ஆறுதலாக ஒரு தென்றலை அந்த வரிக்குள் சேர்த்தது.

*

நகர நூலகத்தில் சுவைநூல் பிரிவைப் பார்த்துக்கொள்பவள் பர்வீன். எமல்டாவைவிடச் சின்னவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எமல்டாவின் ஏட்டை வாங்கிப் பார்த்தாள்.

"முதல்ல ஒரு சொல், ரெண்டு சொல்தான்க்கா மாறும்" என்றாள் பிறகு. "போகப் போக, படிக்கிறவங்க மனசுல எது நடக்கணும்னு இருக்கோ, கதை அந்தப் பக்கமாச் சாயும். அவருக்கு நீங்க வரணும்னு ஆசை. அவரு புத்தகத்துல அவ ஏறிட்டா. உங்களுக்கு அவரு திரும்பி வரணும்னு ஆசை."

"இது எல்லாருக்கும் தெரியுமா?"

"சம்மதம் கேக்கும்போதே சொல்லுவோம்க்கா. எல்லாரும் சரிம்பாங்க. கொஞ்சம் அழகாக்கிக் கொடுக்கும்னு நினைச்சுக்கிடுவாங்க. கதையே வேறயாப் போகும்னு யாரும் நினைக்கிறதில்ல. ரெண்டு பேர் ஒரே புத்தகத்தப் பத்திப் பேசுறதும் இப்ப கொறஞ்சு போச்சுல்லா."

"அப்ப நெசமாவே என்னதான் நடந்துச்சு? எழுதுனவரு என்ன எழுதுனாரு?"

"மூலநூலா? அத யாரும் கேக்கிறதில்லக்கா. ஏட்டுல தர முடியாது, ஏட்டுல போட்டா உங்களப் பாத்து மாற ஆரம்பிச்சிரும். தாள்ல அடிச்சுத் தாறேன். ஆனா ஒண்ணு, நானும் கொஞ்சம் படிச்சுப் பாத்திருக்கேன்." பர்வீன் தயங்கினாள். "உங்களுக்குப் பிடிக்காது."

"பிடிக்காட்டாப் போகட்டும். பிடிக்காமலே படிக்கேன்."

அறுநூறு பக்கம். மடியில் வைத்தால் தொடை வலித்தது. எமல்டா முதல் அத்தியாயத்தைப் படிக்கத் தொடங்கிய அன்றுதான் சலிப்பு என்றால் என்னவென்று அறிந்தாள். கண் வரியிலிருந்து வழுக்கி விழுந்தது. கழுத்து நொந்தது. ஒரே பத்தியை மறுபடி மறுபடி படித்தும் உள்ளே எதுவும் இறங்கவில்லை. உப்பின் வகைகள், உப்பு வரி, எந்தப் படகு யாருக்குச் சொந்தம், அவருடைய மாமனார் யார் என்று அந்த மனிதர் எழுதிக்கொண்டே போனார். வாடைக்காற்றுக்கு மட்டும் முப்பது பக்கம். அவள் முகம் சுளித்தாலும் தாள் அசையவில்லை. அவள் இருக்கிறாளா இல்லையா என்பதே அதற்குத் தெரியவில்லை. முதலில் அது அவமானமாக இருந்தது. சில நாள் போனபின், முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில் அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

படகு அத்தியாயம் வந்தது. அந்தக் காலையில் மரிக்கொழுந்து துறையிலேயே இல்லை. காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தாள். வணிகன் போனான். படகு எத்தனை மூட்டை ஏற்றியது என்று ஆசிரியர் எழுதியிருந்தார். அவளுக்கு உடன் போக விருப்பம் இருந்ததா, கரையிலேயே இருக்க விருப்பமா என்று ஒரு வரி இல்லை. எமல்டா மேலே படித்தாள். இனியாவது வரும் என்று நாவலின் கடைசிவரை பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். கதை ஓர் உப்பளத்தின் எல்லைத் தகராறில் முடிந்தது.

மரிக்கொழுந்திடம் யாரும் எதுவும் கேட்கவே இல்லை.

எமல்டா தாள்களை அடுக்கி வைத்தாள். அவனும்தான் அவளிடம் கேட்கவில்லை. 'நீ என்கூட வந்திருவியா' என்று மூன்று சொல்லில் கேட்டிருக்கலாம். 'நீங்க வந்திருங்க' என்று அவளும் சொல்லியிருக்கலாம். இருவரும் அதை ஒரு புத்தகத்திடம் விட்டுவிட்டார்கள்.

*

அவள் சுற்றி வளைக்காமல் சொல்லி அனுப்பினாள். படகைப் பற்றிச் சொன்னாள். இரண்டு புத்தகங்களைப் பற்றிச் சொன்னாள். "மூடுன இடத்துல எனக்கு மூச்சு முட்டும். வெளியில சொன்னதில்ல. ஆழத்துல எவ்வளவு நேரம்னாலும் இருப்பேன், அது தொறந்த கடல். நீங்க வரணும்னு நெனச்சுத்தான் அப்படிச் சொன்னேன்."

பதில் வர வழக்கமான நேரத்தைவிட இரண்டு நாள் கூடுதலாயிற்று.

"காசிலிங்கம் கெளம்பிட்டான். அந்த இடத்தத் திருப்பிக் கேக்க முடியாது. ஊருக்கு வாற அடுத்த கப்பலுக்கு மூணு வருசம். உன்மேல கோவம் இல்லட்டி. ஒன்றரை மாசம் நீ வாறேன்னு நெனச்சுட்டு இருந்தேன். அந்த அறைக்கு நீலம் அடிச்சு வச்சிருக்கேன், நம்ம கடல் நிறம். வராட்டாலும் பரவாயில்ல. நான் நல்லாத்தான் இருந்தேன் அந்த ஒன்றரை மாசம்."

அதைக் கேட்ட மறுநாள் எமல்டா பயண அலுவலகத்துக்குப் போனாள். அங்கே மாதிரி அறை ஒன்று இருந்தது. கப்பலில் எட்டு மாதம் அதைப்போன்ற ஒன்றில்தான் இருக்க வேண்டும். உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, "கதவ மூடுங்க" என்றாள். மூடினார்கள். அவள் ததேயுவின் முகத்தை நினைத்தாள். நீலம் அடித்த சுவரை நினைத்தாள். உள்ளங்கை வேர்த்தது. சுவர்கள் நெருங்கின. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பொறுத்தாள். பிறகு இரண்டு கைகளாலும் கதவை அடித்தாள்.

வெளியே வந்து படியில் குனிந்து உட்கார்ந்து அழுதாள். அலுவலகப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "ரொம்பப் பேருக்கு இப்படித்தான் மேடம்" என்றாள்.

சித்திரையில் கப்பல் அவள் இல்லாமலே போனது.

*

மூன்று ஆண்டுகளை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல்தான் அவள் அந்த யோசனையைச் சொன்னாள். "மூலநூல நான் வாசிச்சு அனுப்புதேன். நீங்க கேளுங்க. இந்தத் தடவையாவது ரெண்டு பேரும் ஒரே புத்தகத்துல இருப்போம்."

அவ்வளவு நீளமான குரலைக் கடிதத் தடம் தாங்காது. பாட்டும் நாடகமும் புத்தகங்களும் போகும், நூலகம் நடத்தும் கேளிக்கைத் தடம் அகலமானது. அதில்தான் அனுப்பினாள். ஞாயிறு பிற்பகல், சாப்பாட்டுக்குப் பிறகு, மின்விசிறிக்கு அடியில் பாய் விரித்து, தாள்களை மடியில் வைத்து வாசிப்பாள். உப்பு வரியை வாசித்தாள். மாமனார்களை வாசித்தாள்.

"என்ன அறுவைட்டி இது!" என்றான் ததேயு முதல் வாரம். "கேக்க முடியல. இந்தாளு எதுக்கு இத எழுதுனாரு?"

"நிப்பாட்டட்டா?"

"ஏ, வேண்டாம் வேண்டாம். அனுப்பு."

வாடைக்காற்று அத்தியாயத்தின்போது அவன், "நடுவுல நீ தும்முனதக் கேட்டுச் சிரிச்சேன். நம்ம வீட்டுல இருக்கிற மாதிரியே இருந்துச்சு" என்றான். இன்னொரு வாரம், "தாளப் பொரட்டுற சத்தம் நல்லா இருக்கு" என்றான். கதையைப் பற்றிப் பேச எதுவும் இல்லாததால் அவர்கள் வேறு பேசினார்கள். அவனுக்குத் துளைப்பொறியின் இரைச்சலில் ஒரு காது மந்தமாகி வருவதை அவள் அப்போதுதான் அறிந்தாள். மதிலின் வடக்கு மூலையில் ஒரு விரிசல் தன்னை எப்படிப் பயமுறுத்துகிறது என்று அவள் சொன்னாள். நான்கு ஆண்டுகளில் சொல்லாததெல்லாம் அந்தச் சலிப்பான புத்தகத்தின் ஓரங்களில் வந்து சேர்ந்தது.

கத்திரி வெயில் நாளொன்றில், படகுச் சொந்தக்காரர்களின் வழக்கை வாசித்துக்கொண்டிருந்தபோது எமல்டா தூங்கிவிட்டாள். விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பதிவுப்பொறி ஓடிக்கொண்டே இருந்தது. வெட்கமாக இருந்தாலும் மறுபடி வாசிக்கத் தெம்பில்லை. அப்படியே அனுப்பிவிட்டாள்.

அடுத்த கடிதத்தில் ததேயுவுக்குப் பேச்சே சரியாக வரவில்லை.

"எமல், நீ தூங்கிட்ட. தெரியுமா? மூச்சு மட்டும் கேட்டுச்சு. விளக்க அணைச்சுட்டு நானும் படுத்துட்டேன், உன் பக்கத்துல படுத்த மாதிரி. அப்புறம் தூக்கத்துல என் பேரச் சொன்ன. ரெண்டு தடவ. கல்யாணம் ஆன நாள்லருந்து ஏங்க, இந்தாங்கன்னுதான கூப்பிடுவ, ஒரு நாளும் பேரச் சொன்னதில்லியே. தெனமும் அதப் போட்டுக் கேக்கேன்."

எமல்டாவுக்கு உடம்பு முழுவதும் கூசியது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தன் பிரதியை எடுத்துப் போட்டுக் கேட்டாள். வழக்கு, வாய்தா, இழுத்து இழுத்துத் தேயும் தன் குரல். தாள்கள் சரியும் ஓசை. மின்விசிறி. தெருவில் மீன் விற்பவரின் கூவல். தன் மூச்சு. அவள் கடைசிவரை கேட்டாள். ஒலியைக் கூட்டி வைத்து மீண்டும் முதலிலிருந்து கேட்டாள்.

பெயர் இல்லை.

மறுநாள் நூலகம் திறக்கும்போதே போய் வாசலில் நின்றாள். பர்வீன் அவளைப் பார்த்ததும் புரிந்துகொண்டவள்போல் உட்காரச் சொன்னாள்.

"குரலையுமா மாத்தும்?"

"கேளிக்கைத் தடத்துல போற எதையும் விடாதுக்கா. அங்க அவரு காதோரத்துலயும் ஒரு நாடிக்கண் இருக்கும்லா. அவரு எதுக்கு ஏங்குறாருன்னு அதுக்குத் தெரியும்." பர்வீன் அவள் கையைப் பிடித்தாள். "நீங்க கேக்கவே இல்லியேக்கா, கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

எமல்டா கடற்கரை வழியே நடந்து வீட்டுக்கு வந்தாள். அவள் தும்மினாளா? வாடைக்காற்று அத்தியாயத்தில் தும்மிய நினைவு அவளுக்கு இல்லை. தாள் புரட்டும் ஓசை அவளுடையதுதானா? மூச்சாவது அவளுடைய மூச்சுதானா, அல்லது அவனுக்குப் பிடித்த அளவில் திருத்திய மூச்சா? உப்பு வரியாவது அவனுக்கு உப்பு வரியாகப் போய்ச் சேர்ந்ததா? அலுத்துப்போனான் என்று அவள் மகிழ்ந்தாளே, தன்னோடு சேர்ந்து அலுத்துக்கொள்ள அவன் ஏங்கியதை அறிந்து அந்த அலுப்பையும் நூலகமே அவனுக்கு அளந்து கொடுத்திருந்தால்?

சொல்லாமல் விடலாம் என்று தோன்றியது. தினமும் போட்டுக் கேட்கிறான். இருட்டில் படுத்துக்கொண்டு, ஒரு காது மந்தமான மனிதன், நல்ல காதை அதன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்கிறான். அதை எப்படிப் பிடுங்குவது? அதைவிட ஒன்று அவளை அறுத்தது. அவனுக்கு அந்த ஆசை இருந்ததை இத்தனை ஆண்டு மனைவியாக இருந்த அவள் அறியவில்லை. பருப்பளவு நாடிக்கண் ஒன்று அறிந்திருந்தது.

அந்த வாரத்துக்கான கடிதம் இன்னும் மீதி இருந்தது. கடிதத் தடம் குறுகலானது. எதையும் அழகாக்கிக் கொடுக்க அதில் இடமில்லை. எமல்டா கதவைச் சாத்தவில்லை. கடற்காற்று வீட்டுக்குள் வந்து தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. அவள் பொறியைக் கையில் எடுத்தாள். திருமணத்தன்று கோயிலில் பாதிரியார் கேட்டபோது ஒரே ஒரு முறை, மெல்லிய குரலில் சொன்னது. அதன் பிறகு அந்தச் சொல் அவள் நாவில் வந்ததில்லை.

"தூக்கத்துல நான் கூப்பிடலங்க" என்றாள். "அது நான் இல்ல. இது நான்."

கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் இருந்தாள். அந்த இடைவெளியும் பதிவாகிக்கொண்டிருந்தது.

"ததேயு."